கன்னியாவில் ஏழு கிணறு, அம்மாவுக்கு நாலு வாளி

இலங்கையில் வவுனியாவிலிருந்து காரில் திருகோணமலை போகிறீர்களா, ஊருக்குள் நுழைய எட்டு கிலோமீட்டர் இருக்கும்போதே வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் கன்னியா வந்துவிடும், அங்கேயே முதலில் இறங்கிவிடுங்கள். நாங்கள் இறங்கவில்லை. உச்சிவேளைக்குக் கோயில் நடை சாத்திவிடுவார்களே, முதலில் திருகோணமலைக் கோணேசர் கோயில், அப்புறம் கடல், திரும்பும் வழியில் வெந்நீர்க் குளியல் என்று நான்தான் முடிவு செய்தேன். அதனால் மதியம் ஒன்றரை மணிக்கு அம்மாவை ஒரு மரத்தடியில் படுக்கவைத்து, இரண்டு கால்களையும் என் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் வயதானவர்களை வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போக நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் நடந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சியில். மொட்டைமாடியில் நின்றால் சேர்வராயன் மலை முழுதாகத் தெரியும், மார்கழியில் அங்கிருந்து இறங்கும் குளிர் அம்மாவின் முட்டியில்தான் முதலில் வந்து உட்காரும். அவருக்கு 68 வயது. ரத்த அழுத்த மாத்திரை எட்டு வருடமாகப் போடுகிறார். தினமும் ராத்திரி உப்புப் போட்ட வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தால்தான் தூக்கம்.

நான் போர்வெல் வண்டியில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் பக்கம் முன்னூறு அடியில் தண்ணீர் பார்த்த காலம் எல்லாம் போய்விட்டது. ஆயிரம் அடி தாண்டியும் ஓட்டுகிறோம், அதிலும் பாதி இடத்தில் வெறும் பாறைத்தூள்தான் பறக்கும். அப்படி ஒருமுறை வாழப்பாடிப் பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் போனபோது பாறை இடுக்கு ஒன்று கிடைத்து, கம்ப்ரசர் அடித்த வேகத்தில் தண்ணீர் பீறிட்டு வந்தது. கையில் பிடித்தால் இளஞ்சூடு. எங்களுக்கு இது பழக்கம்தான், ஆழம் போகப்போகத் தண்ணீர் சூடேறும், ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை கூடும் என்பது கணக்கு. அன்றைக்கு என்னவோ தோன்றி ஒரு கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன், வருவதற்குள் ஆறிப்போயிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மா, "பூமிக்குள்ள ஆரு கண்ணு அடுப்புப் பத்த வெச்சது?" என்றார். ஒருநாள் அந்தச் சூட்டோடு அம்மா காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அப்போதுதான் மனதில் விழுந்தது.

வவுனியா நண்பர் ஒருவர், கத்தாரில் கட்டட அஸ்திவாரத்துக்குத் துளை போடும் வேலையில் என்னோடு நான்கு வருடம் இருந்தவர், கன்னியா பற்றி அடிக்கடி சொல்வார். ஏழு கிணறு, ஏழும் வெந்நீர், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வேறு. தாயின் இறுதிக் கடன் செய்யத் தண்ணீர் வேண்டி இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தினான், அங்கேயெல்லாம் ஊற்று வந்தது என்பது ஐதீகம். இன்றைக்கும் அந்தப் பக்கத்துத் தமிழ் மக்கள் இறந்தவர்களுக்கு அந்தியேட்டி என்கிற சடங்கு செய்ய அங்கே வருகிறார்கள். அம்மாவுக்கு இது போதுமானதாக இருந்தது. சம்பந்தர் பாடிய கோணேசுவரமும் அதே ஊரில் என்றதும், பாஸ்போர்ட் எடுக்க முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார்.

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானம், அங்கிருந்து ஏ9 சாலையில் வவுனியா. இலங்கைக்குப் போவதற்கான முன் அனுமதியை இணையத்தில் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். காரை நீங்களே ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், நம் ஊர் உரிமம் மட்டும் அங்கே செல்லாது. நண்பரின் காரையும் அவருக்குத் தெரிந்த ஓட்டுநர் அண்ணையையும் ஏற்பாடு செய்துகொண்டோம், அம்மா, நான், மனைவி, ஒன்பது வயது மகள். மாதம் ஆனி. ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று மகள் போட்ட நிபந்தனையால்தான் அந்தத் தேதி. ஆனால் அது நல்ல காலம்தான், கிழக்குக் கரையில் சித்திரையிலிருந்து ஆவணி வரை கடல் அமைதியாக இருக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைமழை பிடித்துவிடும், அப்போது கடற்கரைக்காகப் போவது வீண்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வரைக்கும் நிறையக் காடு. இந்தச் சாலையில் யானை கடக்கும், அதுவும் விடியலிலும் பொழுது சாயும்போதும். ஓட்டுநர் அண்ணை ஒரு இடத்தில் வண்டியைச் சட்டென்று மெதுவாக்கி, தூரத்திலேயே நிறுத்தினார். புதர் அசைந்தது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. "இறங்கப்படாது, ஹோர்ன் அடிக்கப்படாது, அது போகட்டும்" என்றார். ஐந்து நிமிடம். மகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். இந்த யானைக் கணக்கை மனதில் வைத்துத்தான் முழு நாளையும் திட்டமிட வேண்டும், இதைப் பின்னால் சொல்கிறேன்.

அம்மா காலையில் இரண்டு இடியப்பம் மட்டும் சாப்பிட்டார். கோயிலுக்குப் போய்விட்டுச் சாப்பிடுகிறேன் என்றார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார்.

ஒன்பது மணிவாக்கில் கன்னியா பெயர்ப்பலகையைப் பார்த்தோம். நண்பர் போனிலேயே சொல்லியிருந்தார், "காலமையே கன்னியாவில இறங்குங்கோ" என்று. நான் கேட்கவில்லை.

கோணேசுவரம் கோட்டைக்குள் இருக்கிறது. 1620களில் போர்த்துகீசியர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள் என்பது வரலாறு. கோட்டை வாசலுக்குள் மான்கள் ஆடுமாடு போலத் திரிகின்றன, மகள் அங்கேயே நின்றுவிட்டாள். மேலே ஏறினால் செங்குத்தான பாறையின் உச்சியில் கோயில், கீழே கடல் நீலமும் பச்சையுமாகக் கொந்தளிக்கிறது. பக்கத்தில் பாறை பிளந்து நிற்கும் இடத்தை இராவணன் வெட்டு என்கிறார்கள். அம்மா சந்நிதியில் நின்று தனக்குத் தெரிந்த பதிகத்தை வாய்க்குள் சொல்லி முடிக்கும் வரை நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. இந்த நேரத்துக்கு நான் எதையும் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் வெளியே வரும்போது பதினொன்றரை, கருங்கல் தரை காய்ந்து கிடந்தது, செருப்பு விட்ட இடம் வரை அம்மா வெறுங்காலோடு குதித்துக் குதித்து நடந்தார். முட்டி அதிலேயே பாதி போய்விட்டது.

அப்புறமாவது சாப்பிட உட்கார்ந்திருக்க வேண்டும். மகள் கடல் கடல் என்று துடித்ததால் நேராக நிலாவெளிக்குப் போனோம். வழியில் கச்சான் வாங்கினோம், அந்த ஊரில் வறுத்த கடலைக்கு அதுதான் பெயர். ஆனியில் மேற்கேயிருந்து அடிக்கும் வறண்ட காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர் என்று ஓட்டுநர் அண்ணை சொன்னார். அந்தக் காற்றுதான் எங்களை ஏமாற்றியது. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுகிறது, உடம்பில் நீர் போவதே தெரியவில்லை, கடற்காற்று சுகமாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். நிலாவெளி மணல் மாவு மாதிரி, கரையோரம் கடல் ஆழமில்லாமல் தெளிவாக இருக்கிறது, குழந்தைகளுக்கு அதைவிட நல்ல கரையை நான் பார்த்ததில்லை. அம்மா ஒரு தென்னையடியில் உட்கார்ந்து கடலை கொறித்தார், ஒரு பிளேன்டீ குடித்தார். மதியச் சாப்பாடு குளித்துவிட்டு, என்றார்.

ஒன்றே கால் மணிக்குக் கன்னியா.

பெரிய சாலையிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம். போவதற்கு முன் நான் மனதில் வைத்திருந்த படம் வேறு, குளம் மாதிரி இருக்கும், அம்மாவை உள்ளே உட்கார வைத்துவிடலாம், அரைமணி நேரம் கால் ஊறட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சுற்றுச்சுவருக்குள் ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றுக்கும் இடுப்புக்குக் கீழே நிற்கும் கட்டு. மூன்று நான்கு அடி ஆழம்தான், அடித்தரை அப்படியே தெரிகிறது, கண்ணாடி மாதிரித் தண்ணீர், நடுநடுவே குமிழ் ஒன்று கிளம்பி மேலே வந்து உடைகிறது. உள்ளே இறங்கக்கூடாது. வாளியால் மொண்டு நின்றபடி ஊற்றிக்கொள்ள வேண்டும், சோப்பு போடக்கூடாது. முட்டி வலிக்காரர்களை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த விஷயம் முக்கியம்: உட்கார இடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள், சின்ன வாளி ஒன்றும் சொம்பு ஒன்றும் கொண்டுபோங்கள். நுழைவுச்சீட்டு உண்டு, சில்லறை ரூபாய் கையில் இருக்கட்டும்.

மகள் ஏழு கிணற்றிலும் விரல் விட்டுப் பார்த்துவிட்டு வந்து வரிசை சொன்னாள், இது டீ, இது ஆறின டீ, இது பாத்ரூம் ஹீட்டர் என்று. உண்மையாகவே ஒவ்வொன்றிலும் வித்தியாசம் கைக்குத் தெரிகிறது. எனக்கு அந்தக் கட்டின் மேல் கையை ஊன்றி நின்றபோது உடம்பு சிலிர்த்தது. இருபது வருடம் இரும்பை இறக்கி, டீசலைக் கொளுத்தி, ஆயிரம் அடியில் தேடுகிற தண்ணீர் இங்கே மூன்றடியில் தானாக வந்து நிற்கிறது. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்பு வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, இன்னொரு வெடிப்பு வழியாக ஆறுவதற்குள் விரைவாக மேலே வந்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தை. அந்தத் தீவின் நடுவிலிருக்கும் பழைய மேட்டுநிலப் பாறைத்தொகுதியும் கிழக்குப் பாறைத்தொகுதியும் ஒட்டுகிற பகுதியை ஒட்டித்தான் வெந்நீர் ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன. அந்த மேட்டுநிலத்தில் சார்னோகைட் பாறை நிறைய. நம் சேர்வராயன் மலையும் அதே சார்னோகைட்தான், கல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற பாறை ஆய்வாளர் வைத்த பெயர். என் ஹேமர் பிட்டைத் தேய்த்துத் தின்கிற அதே கருங்கல் ஜாதி. அம்மாவிடம் சொன்னேன், "நம்ம மலைக்கல்லுதாம்மா இங்கயும்" என்று. அவர் கிணற்றுக் கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முதல் வாளியைக் காலில் ஊற்றினேன். அம்மா கண்ணை மூடினார். இரண்டாவது முட்டியில், "ஆங், அங்கதான், அங்கதான்" என்றார். மூன்றாவதைத் தோளில். அதற்குள் எனக்கு ஆசை கூடிப்போய், கூடுதல் சூடான கிணற்றிலிருந்து நாலாவது வாளியை மொண்டு தலையோடு ஊற்றிவிட்டேன். வெயில் நேர் உச்சியில். அம்மா என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் இருந்த கனத்தைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை, விழப்போகிறவர் பிடிக்கிற பிடி. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, "கண்ணு, கண்ணு இருட்டுது" என்றார்.

பக்கத்தில் பேரனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து மறுபக்கம் தாங்கினார். தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய் படுக்கவைத்து, ஈரத் துணியால் முகமும் கழுத்தும் துடைத்து, காலை உயர்த்திப் பிடித்தோம். ஓட்டுநர் அண்ணை செவ்விளநீர் இரண்டு வெட்டிக்கொண்டு வந்தார், ஆனால் நினைவு நன்றாகத் திரும்பி, எழுந்து உட்கார்ந்த பிறகுதான் வாயில் கொடுத்தோம், படுத்திருப்பவருக்குக் கொடுத்தால் புரையேறிவிடும். பத்து நிமிடத்தில் முகத்தில் நிறம் வந்தது. அந்த அம்மாதான் என்னிடம் சொன்னார்: "தம்பி, உச்சி வெயிலுக்குள்ள சுடுதண்ணியில தோயப்படாது. நாங்கள் விடியவோ பின்னேரமோதான் வாறது. வெறு வயித்தோட தோயவே படாது." திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். தோய்வது என்றால் அவர்கள் பேச்சில் தலைக்குக் குளிப்பது.

திரும்பி வந்து எங்கள் வழக்கமான டாக்டரிடம் கேட்டபோது அவரும் அதையேதான் வேறு வார்த்தையில் விளக்கினார். சூடு பட்டதும் தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் விரியும், ரத்தம் அந்தப் பக்கம் இறங்கிவிடும், நின்றுகொண்டே இருந்தால் தலைக்குப் போவது குறையும். ரத்த அழுத்த மாத்திரை அதே வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது, அதோடு உடம்பில் நீர்ச்சத்தும் இல்லை, வயிறும் காலி. நான்கும் சேர்ந்துகொண்டன. ஆகவே வெயில் ஏறுமுன் போங்கள், லேசாகச் சாப்பிட்டு ஒருமணி நேரமாவது கழிந்திருக்கட்டும், போகும் வழியெல்லாம் தண்ணீர் குடிக்கட்டும், உட்கார வைத்துப் பாதத்திலிருந்து மேலே மெதுவாக ஊற்றுங்கள், மார்புக்கு மேல் வேண்டவே வேண்டாம், பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், எழும்போது கையைப் பிடித்து எழுப்புங்கள். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் குளிக்கக் கூடாது.

சர்க்கரை நோய் ரொம்ப நாளாக இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து, பாதத்தில் மரத்துப்போன உணர்ச்சியால் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஊற்றுவதற்கு முன் துணைக்குப் போகிறவர் தன் முழங்கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும், குழந்தைக்குக் குளிக்க ஊற்றும்போது பாட்டிகள் பார்ப்பார்களே, அது போல. குழந்தைகள் விஷயத்தில், எந்த இயற்கை வெந்நீராக இருந்தாலும் மூக்கில் ஏறவிடாதீர்கள். கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், அந்தக் கிருமிக்கு வெதுவெதுப்பான நன்னீர்தான் பிடித்த இடம், நுழைவது மூக்கு வழியாக. மகளுக்குக் கழுத்துக்குக் கீழேதான் ஊற்றினோம்.

மனைவி குளிப்பதற்கு முன் தன் கொலுசையும் மகளின் கொலுசையும் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டாள், செவ்வாய்ப்பேட்டையில் ஆசையாகச் செய்தது. கந்தகம் கலந்த ஊற்றுகளில் வெள்ளி கறுத்துவிடும், எந்த ஊற்றில் என்ன இருக்கிறது என்று போனவுடன் தெரியாது, அதனால் கழற்றி வைப்பதே நல்லது. ஈரத் தரையில் கொலுசு மாட்டி வழுக்கவும் கூடாது. பெண்கள் அடர் நிறப் பருத்திச் சுடிதார் போட்டுக்கொள்வது வசதி, புடவை நனைந்தால் அம்மா மாதிரி வயதானவர்களுக்கு நடக்கவே பாரம்.

இன்னொன்று. கன்னியா யாருக்கு உரியது என்பது அங்கே வலிக்கிற விஷயம். இடம் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது, தமிழ் மக்கள் தங்கள் வழிபாட்டு உரிமைக்காகக் குரல் கொடுத்து வருகிறார்கள். விருந்தாளியாகப் போகும் நாம் அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், அந்தியேட்டிக்கு வந்திருக்கும் குடும்பம் இருந்தால் கொஞ்சம் ஒதுங்கி நின்று, போனை உள்ளே வைத்துவிட வேண்டும்.

அன்றைக்கு வவுனியா திரும்பவில்லை. அம்மாவை வைத்துக்கொண்டு பொழுது சாயும் நேரத்தில் யானைக் காட்டுச் சாலையில் போக எனக்கு மனம் வரவில்லை. திருகோணமலையிலேயே ஒரு அறை எடுத்தோம். ராத்திரி அம்மா ரசம் சாதம் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினார். விடிகாலை ஐந்து மணிக்கு என்னை எழுப்பி, "கண்ணு, காலுக்கு மட்டும் ஊத்திக்கலாமா?" என்றார். எனக்குப் பயம்தான். ஆனால் அவர் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை. ஒரு பன்னும் பாலும் சாப்பிட வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தேன். அறைக்காரரிடம் ஒரு முக்காலி கடன் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குக் கன்னியாவில் இருந்தோம். கூட்டமே இல்லை. காலைக் குளிரில் கிணறுகளின் மேல் மெல்லிசாக ஆவி ஓடியது, மதியம் பார்த்தபோது அது கண்ணுக்கே தெரியவில்லை. அம்மாவை உட்கார வைத்து, ஆறின டீ என்று மகள் பெயர் வைத்த கிணற்றிலிருந்து சொம்பு சொம்பாக முட்டிக்குக் கீழே மட்டும் ஊற்றினேன்.

ஒரே நாளில் போய்வர நினைப்பவர்கள் முழு வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள், எட்டு, எட்டரைக்குக் கன்னியா, பத்துக்குக் கோணேசர், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஓய்வு, அப்புறம் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கொஞ்ச நேரம் கடல், மூன்று மணிக்கு மேல் அங்கே நிற்காமல் திரும்பிவிடுங்கள், பொழுது சாய்வதற்குள் காட்டைத் தாண்ட வேண்டும். வயதானவர்கள் உடன் இருந்தால் முந்தைய நாளே திருகோணமலையில் தங்கிவிடுவதுதான் சரி. எங்கள் அத்தை இப்போது தானும் வருகிறேன் என்கிறார், அவருக்குச் சர்க்கரை இருபது வருடமாக. அடுத்த சித்திரையில் அப்படித்தான் போகப்போகிறோம். மடக்குகிற முக்காலி ஒன்றை அம்மா முதல் அக்ரஹாரத்தில் இப்போதே வாங்கி வைத்துவிட்டார்.